கொலுசு இறுக்குது

அத்தை கட்டில்ல உக்காந்து கொலுசைக் கழட்டப் பாக்குறாங்க, வரமாட்டேங்குது. கணுக்கால்ல விரலை வச்சு அழுத்தினா குழி விழுந்து அப்படியே நிக்குது.

"கிட்னி போயிடுச்சாடா?"ன்னாங்க.

டாக்டர் கிட்னி, இதயம் எல்லாம் செக் பண்ணிட்டு, இது அத்தை போடுற பி.பி. மாத்திரை அம்லோடிபின் 10 மி.கி. பண்ற வேலைன்னுட்டாரு. அது தமனிய நல்லா விரிச்சு விடும், சிரைய அவ்வளவா விரிக்காது, வர்ற ரத்தம் ஜாஸ்தி, போற வழி மட்டும் அதே அளவு, அப்புறம் தண்ணி கசிஞ்சு கால்ல இறங்காம என்ன பண்ணும். பாதி ஊரு இதுக்கு நீர் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுது, பெருசா பலன் கிடையாது.

டெல்மிசார்டனும் பி.பி. மாத்திரைதான், ஆனா வேற ரூட்டு. ரத்தக்குழாயைச் சுருக்குற ஆஞ்சியோடென்சினை வேலை செய்ய விடாம தடுத்துடும், சிரையும் கொஞ்சம் விரியும். அதனால அம்லோவை 5 ஆக்கி, கூட டெல்மி 40 சேத்துட்டாரு.

மாத்திரை ஒண்ணு கூடினா வீக்கம் குறையும்ங்கிறது எனக்குப் புதுசு!

ஆனா டெல்மி பொட்டாசியத்தை ஏத்தலாம் (கர்ப்பிணிங்களுக்குக் குடுக்கவே கூடாது), அதனால ரெண்டு வாரத்துல ரத்த டெஸ்ட். அத்தைக்கு இப்போ ஒரே கவலை, இளநியிலயும் பொட்டாசியம் ஜாஸ்தியாச்சே, தினம் குடிக்கிறத நிறுத்தச் சொல்லிடுவாங்களோன்னு.