வோட்டர் பேப்பரில் கத்தி தீட்டுவது

ஹோட்டல் குசினியில் என் வேலையில் பாதி மீனோடுதான். பாரையை முள்ளோடு ஒட்டிச் சதை எடுக்கும்போது கத்தி மொட்டையாக இருந்தால் துண்டு பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு பொரிக்கும்போது உதிரும், சொதிக்குத்தான் சரி.

முன்பு சாணை பிடிக்கக் கொடுப்பேன். மெஷின் சாணையில் சட்டென்று கூர் வரும். ஆனால் தண்ணீர் காட்டாமல் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விடும், பிறகு எப்படித் தீட்டினாலும் கூர் நிற்காது. கத்தியும் வீணாகத் தேயும்.

இப்போது வீட்டில்தான் தீட்டுகிறேன். வாகனப் பெயின்ட் வேலைக்கு ஹாட்வெயார் கடையில் விற்கும் கறுப்பு வோட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சாண்ட் பேப்பர், போதும்: 400, 800, 1500. இலக்கம் கூடக் கூட நைஸ். கண்ணாடித் துண்டில் தண்ணீர் தெளித்து விரித்தால் அப்படியே ஒட்டி நிற்கும். தீட்டுகல் நடுவில் குழி விழும், அதை மட்டமாக்குவது தனி வேலை. பேப்பர் தேய்ந்தால் மாற்றினால் முடிந்தது.

நாலு விரல்கடை அகலக் கத்தி என்றால் முதுகைக் கட்டைவிரல் தடிப்புக்குத் தூக்கிப் பிடிப்பேன், 15 முதல் 20 பாகைக்குள் நிற்கும். முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர இழுக்க வேண்டும். கூர்ப் பக்கத்தை முன்னே தள்ளினால் பேப்பர் கிழியும்.

எங்கள் உதவியாள் தம்பி நேரே 1500இல் தொடங்குவான். ஒருநாள் தக்காளித் தோலில் கத்தி வழுக்கியது.

“அண்ணன், கண்ணாடி மாதிரி மின்னுது, ஏன் வெட்டுதில்ல?”

“மின்னுறதப் பாக்காத மனே, பிசிறப் பாரு. மறுகா பேப்பர மாத்து.”

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு சுருளும். கண்ணில் படாது. விரலை முதுகிலிருந்து கூரின் பக்கம் மெதுவாக வெளியே எடுத்தால் இடறும். அடியிலிருந்து நுனிவரை இடறினால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் இப்படி வந்த பிறகே அடுத்த பேப்பர். 400இல் பிசிறு வராத இடத்துக்கு 1500 ஒன்றும் செய்யாது. பொறுமை இல்லாதவர்களுக்கு நான் சாணையையே சொல்வேன்.

கடைசியில் பக்கம் மாற்றி மாற்றி லேசாக இழுத்து, பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கறுப்புச் சேற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இரும்புக் கத்தியைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைப்பேன். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்காற்றுக்குத் துரு சீக்கிரம் ஏறும். பாண் வெட்டும் பல்லுக் கத்தியை மட்டும் இதில் வைக்காதீர்கள், பல்லெல்லாம் மழுங்கிப் போகும்.