குறித்த நேரத்தில் வெளியான அறிவிப்பு

சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் ஒரு சென்னை நிறுவனத்தில், புதிய வசதிகளைப் பற்றிய அறிவிப்புகளை எழுதி வெளியிடுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. எங்கள் இணையதளம், தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. அறிவிப்பை எழுதிப் படங்களைச் சேர்த்து, நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் அது தானாகவே வெளியாகும். ஃபேஸ்புக், லிங்க்ட்இன் பதிவுகளையும் வாடிக்கையாளர்களுக்கான மின்னஞ்சலையும் அதையொட்டியே குறித்து வைப்போம். கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கிய பிறகு செல்பேசியைப் பார்க்க நேரம் கிடைக்காது என்பதால், காலை 6 மணி என்று வகுத்திருந்தோம். “ஷெட்யூல் போட்டாச்சு” என்று ஒருவர் சொன்னால் அந்த வேலை முடிந்தது என்றுதான் எங்கள் அலுவலகத்தில் பொருள். அந்தப் பொருளை நான் கைவிட இரண்டு காலைப் பொழுதுகள் தேவைப்பட்டன.

முதல் காலையில், கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் 6 மணி கடந்த சில நிமிடங்களில் அழைத்தார். “நீங்க அனுப்பின லிங்க்கைத் தொட்டா பக்கமே இல்லைன்னு வருதே தம்பி” என்றார். நான் திறந்து பார்த்தபோது பக்கம் இருந்தது. மறுபடி பார்க்கச் சொன்னேன், அவருக்கும் வந்துவிட்டது. அவருடைய இணைய இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு அறிவிப்புகளிலும் வேறு இருவர் இதையே சொன்ன பிறகுதான் சர்வர் பதிவுகளைப் பார்க்க உட்கார்ந்தோம்.

வேர்ட்பிரஸ் இயல்பாக ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான், நேரம் கடந்த வேலை ஏதேனும் இருக்கிறதா என்று அது சோதிக்கிறது. விடியற்காலையில் எங்கள் தளத்துக்கு வருவோர் மிகக் குறைவு. வந்த சிலருக்கும் முன்னால் இருந்த கேச் அடுக்கு, சேமித்து வைத்த பக்கங்களையே எடுத்துக் கொடுத்ததால், வேர்ட்பிரஸ் விழிக்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று. மின்னஞ்சல் மட்டும் வேறு சேவையிலிருந்து சரியான நேரத்துக்குப் போய்விட்டது. புதிய பக்கம் கேச்சில் இல்லாததால், அதில் உள்ள இணைப்பை முதலில் தொட்டவருடைய வருகைதான் வேர்ட்பிரஸை எழுப்பி அறிவிப்பை வெளியிட்டது. அவருக்கு மட்டும் ‘பக்கம் இல்லை’ என்று வந்தது, அடுத்து வந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் மீது அக்கறை கொண்டு முதலாவதாக வந்தவர் எவரோ, அவரைத்தான் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். வருகையை நம்பிய அந்த உள்சோதனையை நிறுத்தி, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் சர்வரின் கிரான் வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதே சோதனை நடக்கும்படி அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது. அண்ணாச்சியை அழைத்து, கோளாறு எங்களுடையதுதான் என்று சொன்னேன்.

அதே வாரத்தில் வேறு சிலவற்றையும் சரிபார்த்தோம். புதிதாக நிறுவிய ஒரு துணைத் தளத்தின் நேர மண்டலம் இந்திய நேரத்துக்கு மாற்றப்படாமல், உலகப் பொது நேரமான யுடிசியிலேயே இருந்தது. அங்கே காலை 10 மணி என்று குறித்தால் நமக்குப் பிற்பகல் 3.30 ஆகிவிடும். அறிவிப்பு வெளியாகாமல் காத்திருந்தாலும், அதற்காக ஏற்றிய படங்கள் ஏற்றிய கணத்திலேயே பொதுவெளியில் இருக்கின்றன, முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம் என்பதும் அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

இரண்டாவது காலை, 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. கருவிகள் எல்லாம் பிழையின்றி வேலை செய்த நாள் அது. இணையமோ மின்சாரமோ இல்லாதபோதும் பில் போடும் வசதியை உருவாக்கியிருந்தோம். அதற்கான தலைப்பைச் செப்டம்பரில், நல்ல வெயிலில், நான்தான் எழுதினேன்: “மழை வந்தாலும் உங்கள் வியாபாரம் நிற்காது.” வெள்ளிக்கிழமை மாலை அதைத் திங்கள் காலை 6 மணிக்குக் குறித்தேன், நினைவூட்டும் பதிவும் மின்னஞ்சலும் செவ்வாய் காலைக்கு. வங்கக்கடலில் புயல் உருவாகும் என்ற செய்தி அன்றே தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், தலைப்பையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு இரவு முழுவதும் மிக்ஜாம் புயலின் மழை கொட்டித் தீர்த்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை, செல்பேசியில் சிக்னலும் இல்லை. பதினொரு மணிவாக்கில் மொட்டைமாடியின் ஒரு மூலையில் சிக்னல் எட்டிப் பார்த்தபோது, அறிவிப்பு அச்சுப் பிசகாமல் 6 மணிக்கு வெளியாகியிருந்ததைக் கண்டேன். அதற்குக் கீழே வேளச்சேரியில் ஸ்டேஷனரி கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: “சார், கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்குது.”

கோபமாக எழுதியிருந்தால்கூட எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அவர் நிலைமையைத்தான் தெரிவித்திருந்தார்.

மறுநாள் காலைக்குக் காத்திருந்தவற்றையாவது நிறுத்தியாக வேண்டும். மதுரையில் இருந்து வேலை செய்யும் சக ஊழியரை அழைத்தேன். இணையதள அறிவிப்பை அவர் உடனே எடுத்துவிட்டார். ஆனால் சமூக ஊடகக் கணக்குக்கும் மின்னஞ்சல் சேவைக்கும் கடவுச்சொல்லோடு ஓடிபி எண்ணும் வேண்டும். அது முடிச்சூரில் இருக்கும் மற்றொருவரின் செல்பேசிக்குப் போகும். அந்தச் செல்பேசி அணைந்து கிடந்தது. பாதுகாப்புக்காக நாங்களே விரும்பி அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது; எல்லோரும் ஒரே ஊரில், ஒரே மழையில் மாட்டிக்கொள்வோம் என்று அமைக்கும்போது எவருக்கும் தோன்றவில்லை. இரவு ஒன்பதை நெருங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு முடிச்சூர்க்காரர் தாமாகவே அழைத்தார். குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, மதுரையில் தட்டச்சு செய்தார்கள். இரண்டாவது எண் காலாவதியாகி மூன்றாவதில்தான் உள்ளே நுழைய முடிந்தது. செவ்வாய்க்கிழமைப் பதிவுகள் நின்றன.

இப்போது மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஒவ்வொருவரிடம் முழு அனுமதி இருக்கிறது. ஓடிபி வராதபோதும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வெளியாகும் முந்தைய இரவு, அதை எழுதாத ஒருவர் மறுநாளின் வானிலையையும் செய்திகளையும் பார்த்துவிட்டு, வரிக்கு வரி படித்து, “போகலாம்” என்று எழுத்தில் தெரிவித்தால்தான் அது வரிசையில் நிற்கும், தெரிவிக்காவிட்டால் எடுத்துவிடுவோம். வேலை கூடுகிறது என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு உண்டு. எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை, கூடத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை எழுதும் கைக்குத் திங்கட்கிழமை தெரியாது; திங்கட்கிழமையை அறிந்த ஒருவர் நடுவில் இருந்தாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வேளச்சேரிக் கடைக்காரரைத் தண்ணீர் வடிந்த பிறகு அழைத்துப் பேசினேன். கணினி போய்விட்டது; கடன் கணக்கு இருக்கிறதா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. எங்கள் சர்வரில் பேக்கப் இருந்ததால் வேறு கணினியில் மீட்டுக் கொடுக்க முடிந்தது. ஜனவரியில் அதே வசதியை மறுபடி அறிவிக்க எழுதியபோது, “இணையம் இல்லாதபோதும் பில் போடலாம்” என்று தலைப்பை மாற்றி, அவருக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். “இது சரியா இருக்கு சார்” என்றார். அதன் பிறகு நேரத்தைக் குறித்தேன். மறுநாள் 6 மணிக்கு எழுந்து, அது வெளியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.