மலரில் இல்லாத பக்கம்

"சரி பிள்ளை, இடம் காணாமப் போயிருக்கும்."

சேவை நயப்பு விழா முடிந்து, அதற்காக நான் தொகுத்த மலரைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு சேர் சொன்னது அவ்வளவுதான். இடம் இருந்தது. அவர் தந்த ஒரு பக்கத்தை நான்தான் எடுத்துவிட்டேன்.

மற்றதெல்லாம் மலரில் இருக்கிறது. சேருவிலவில் செம்பும் இரும்பும் கலந்த தாது கிடக்குமிடம் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரண்டு பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லை என்று கல்லைத் தட்டித் தட்டி எங்களுக்குக் காட்டியது. கன்னியா வெந்நீருக்கு எரிமலை காரணமில்லை, வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர்தான் சூடேறித் திரும்புகிறது என்று ஊர் ஊராய்ச் சொன்னது. பூமித் தகடு ஒன்று இன்னொன்றின் கீழே நுழைவதைக் காட்ட, வகுப்பில் ஒரு கொப்பியை இன்னொன்றின் கீழே தள்ளுவார். மேல் கொப்பியின் விளிம்பு இழுபட்டு வளைந்து, சட்டென்று துள்ளும். அந்தத் துள்ளலுக்கே ஒரு பக்கம் கொடுத்தேன்.

எடுத்த பக்கம் அவர் கைப்பட எழுதித் தந்தது. 2004 டிசம்பர் 26. ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 6.59. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய நேரம், எங்கள் மணிக்கு. கீழே: 'சுமார் 1300 கிலோமீற்றர் பிளந்தது. கடல் இங்கே வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். இடையில் வானொலியில் செய்தி கேட்டேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், தகட்டசைவு பற்றிய கேள்வி. எழும்பவில்லை.'

முன்வரிசையில் பேரப்பிள்ளைகள். பின்னால், கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள். அந்தச் சபையில் இதை எப்படிக் கொடுப்பது? அப்போது இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. ஹவாய் சுனாமி எச்சரிக்கை நிலையத்தில் இருந்தவர்களின் முதல் கணிப்பே 8.0 அளவுதான், உண்மையில் அது 9.1. சேர் மட்டும் என்ன செய்திருப்பார்? நான் செய்தது சரி என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆனால் 2012 ஏப்ரல் 11ஐப் போட்டிருக்கிறேனே. 8.6 அளவில் நிலநடுக்கம் என்ற செய்தி வந்ததும் செருப்பில்லாமல் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடி, வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினார். அன்று நிலம் பக்கவாட்டில் வழுக்கியதால் பெரிய அலை எழவில்லை. சிலர் ஏசினார்கள். அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று மலரை வாசிப்பவருக்கு விளங்காது. விளங்க வைக்கும் பக்கம் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

அவரைக் காப்பாற்றினேனா, அவர் சொல்ல வந்ததை மறித்தேனா? அவர் கேட்டது ஒரு பக்கம்தான்.

போன கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் படலை வரை போனேன். உள்ளே வானொலிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.