கணக்கில் வராத பந்துகள்

பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, ஆடும் பதின்மூன்று வயதுப் பையன் தோள் வலிக்கிறது என்றால், தசை பிடித்திருக்கும், நாலு நாளில் சரியாகும் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். அந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலும்பை.

தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள மேற்கை எலும்பின் உச்சியில், தோள் மூட்டை ஒட்டி, வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அந்த எலும்பின் நீளத்தில் சுமார் 80 சதவீதம் வளர்வது அங்கிருந்துதான். எறிவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது எலும்பு முறுக்கப்படுகிறது. வளரும் உடலில் தசைநாரைவிட இந்தத் தட்டுதான் நலிந்த இடம். ஓய்வில்லாமல் எறிந்தால் அது மெல்ல அகலும். சிறுவர்களுக்கான அமெரிக்க பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரால், இதற்கு ‘லிட்டில் லீக் தோள்’ என்றே பெயர். 11 முதல் 16 வயதுக்குள் அதிகம்.

வலி மேற்கையின் வெளிப்புறத்தில், மேல் பகுதியில் இருக்கும். அதற்கு முன்பே வேகம் குறைந்து, குறி தப்பத் தொடங்கியிருக்கலாம். எக்ஸ்-ரே எடுக்கும்போது இரண்டு தோள்களையும் எடுக்கச் சொல்லுங்கள். வளரும் எலும்பில் அந்தத் தட்டு இயல்பாகவே ஓர் இடைவெளியாகத் தெரியும் என்பதால், மறுபக்கத்தோடு ஒப்பிடாமல் லேசான அகலத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

பலர், காற்றில் சுழன்று வளையும் வளைவுப் பந்தைத்தான் குறை சொல்வார்கள். என் கணக்கில் முதல் குற்றவாளி எண்ணிக்கை. லிட்டில் லீக் அமைப்பு 2007-இல் இன்னிங்ஸ் கணக்கை விட்டு, பந்துகளை எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85; 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயதுக்குட்பட்டவர் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் 4 நாள் ஓய்வு. 41-ஐத் தொட்டவர் அன்று கேட்சராக, அதாவது வீசும் பந்தைப் பிடிப்பவராக, நிற்கக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார்.

நல்ல விதிதான். ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிவது அந்த லீக்கின் ஆட்டம் மட்டுமே. வார இறுதியில் வேறு அணிக்கு வீசியது, தனிப் பயிற்சியாளரிடம் வீசியது, ஆட்டத்துக்கு முன் கை சூடாக வீசியது எதுவும் அதில் ஏறாது. ஆகவே நோட்டு வைத்திருக்க வேண்டியவர் பெற்றோர்: தேதி, அணி, ஆட்டத்தில் எத்தனை, வெளியே எத்தனை, வலி உண்டா. வருடத்தில் 4 மாதம் எறியவே கூடாது. அதில் 2, 3 மாதம் தொடர்ச்சியாக. குளிர்காலப் பயிற்சி முகாம்கள் தின்றுவிடுவது இந்த மாதங்களைத்தான்.

தட்டு அகன்றிருந்தால் பொதுவாக மூன்று மாதம் எறிதல் நிறுத்தம். வலி சில வாரங்களிலேயே போய்விடும், சிக்கலே அங்கேதான்: தட்டு ஆறுவதற்குள் பையன் மைதானத்தில் நிற்பான். மாத்திரை போட்டு வலியை அமுக்கி ஆடவிடுவது இன்னும் மோசம். இந்த மாதங்களில் கால், இடுப்பு, தோள்பட்டைத் தசைகளுக்கு வேலை கொடுக்கலாம். கையை உள்பக்கம் சுழற்றும் அளவு எறியும் பக்கம் குறைந்திருக்கும். அதில் ஒரு பங்கு எலும்பே சற்று முறுகி வளர்ந்ததால் வருவது. பிசியோ அளந்து பார்க்காமல் பலமாக இழுக்காதீர்கள்.

மருத்துவர் அனுமதித்த பிறகு 45 அடி தூரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள்: 25 எறிதல், பத்து நிமிட ஓய்வு, மறுபடி 25. இரண்டு முறை வலியில்லாமல் முடிந்தால் 60 அடி. வலித்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறுவது கடைசியில், அதுவும் முதலில் பாதி வேகத்தில். வளைவுப் பந்து அதற்கும் பிறகு.