ஏழு ராத்திரி, நாலு பங்கு

"நான்கெல்லை சொல்லுங்க" என்றார் பத்திரம் எழுதுபவர்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, 2011 கடைசி. மதுரை வீடு, நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர், அங்கேயே பங்காளிகளோடு சேர்ந்த கிணற்றில் ஐந்தில் ஒரு பங்கு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவரிடம் அம்மா, "கொடைக்கானல் வீடு விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டார். அவரும் புதுப் பத்தி ஆரம்பித்து, கிழக்கே யார் மேற்கே யார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் சர்வே நம்பர் கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினான். பார்க்க ஏடிஎம் கார்டு மாதிரி இருக்கும். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், "இது சொத்து இல்லைம்மா, சந்தா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பத்து வருடமாகத் தெரு முழுக்க "கொடைக்கானல்ல எங்களுக்கு வீடு இருக்கு" என்று சொல்லிவந்தவர்.

சொல்லவைத்தது அப்பா. 2001-இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது அப்பாவும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கையில் பணம் இருந்தது, நேரம் இருந்தது, அப்படிப்பட்டவர்களை மோப்பம் பிடிக்கிற ஆட்களும் இருந்தார்கள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு சார், தம்பதியா வந்து வாங்கிக்கோங்க" என்று போன். ஹோட்டல் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களாம். மேசைக்கு ஒரு பையன், மலைக்காட்சி ஆல்பம், நடுவில் சாப்பாடு. யாராவது கையெழுத்துப் போட்டால் ஒரு மணி அடிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். அப்பாவும் கையெழுத்துப் போட்டு ஒரு டைம்ஷேர் வாங்கினார், அவருக்கும் மணி அடித்தார்கள். பரிசு என்று கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். அது இன்னும் ஓடுகிறது, அதைக் குறை சொல்லக் கூடாது.

டைம்ஷேர் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு விடுமுறை விடுதியின் அறையை வருடத்தின் 52 வாரங்களாக நறுக்கி, வாரம் வாரமாக விற்பது. 1960-களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பனிச்சறுக்கு விடுதிகளில் ஆரம்பித்த யோசனை, அமெரிக்கா போய்ப் பெருத்து, இங்கே வந்து சேர்ந்தது. இங்கே விற்பதில் பெரும்பாலானவற்றில் மண்ணில் ஒரு அங்குலம்கூட நமக்குச் சொந்தம் கிடையாது. தங்கும் உரிமை மட்டும்தான், அதுவும் இத்தனை வருடத்துக்கு என்று கணக்கு. எங்களுடையது 25 வருடம், வருடத்துக்கு ஏழு இரவு. வாரங்களுக்கு நிறம் உண்டு: சிவப்பு என்றால் கூட்டம் அலைமோதும் காலம், வெள்ளை நடுத்தரம், நீலம் யாரும் எட்டிப் பார்க்காத மழைக்காலம். சிவப்பு வாங்கியவர் வெள்ளையிலும் நீலத்திலும் போகலாம். நீலம் வாங்கியவர் மே மாதம் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. அப்பா 1,10,000 ரூபாய்க்கு மேல் இன்னொரு 35,000 போட்டுச் சிவப்பு வாங்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் உதவும் என்பது அவர் கணக்கு. பேரப்பிள்ளைகளை நினைத்து வாங்கியிருக்கிறார், அப்போது எங்களில் ஒருவருக்குத்தான் கல்யாணமே ஆகியிருந்தது.

அப்பா இருந்தவரை பங்கு என்ற பேச்சே இல்லை. எல்லோரும் ஒன்றாகப் போனோம். அறைக்கு நாலு பேர் அனுமதி, நாங்கள் ஒன்பது பேர் போயிருக்கிறோம். குழந்தைகளை வரவேற்பறை தாண்டும்வரை காருக்குள்ளேயே வைத்திருந்து, அப்புறம் பின்பக்கப் படியில் ஏற்றுவது தம்பியின் வேலை. அம்மா மாவைப் பொங்கவிட்டே தூக்குவாளியில் கொண்டுவருவார், ஏனென்றால் ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் மாவு புளிக்காது. முதல் வருடம் அப்படி ஒரு வாளி மாவு வீணாய்ப் போன அனுபவம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அந்தத் தூக்குவாளி யார் மடியில் என்பதுதான் அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே தகராறு. 2008-இல் மட்டும் ஆர்சிஐ என்ற கம்பெனி வழியாக வாரத்தை மாற்றிக்கொண்டு கோவா போனோம். உங்கள் வாரத்தை அவர்களிடம் கொடுத்து வேறு ஊரில் வேறொருவர் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம், 1974-இல் இண்டியானாவில் ஆரம்பித்த பண்டமாற்று. மாற்றுக் கட்டணத்தைப் பார்த்தபின் அப்பா திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சரி, அப்பா போனபின். உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அதாவது அம்மா, அண்ணன், நான், தம்பி. ஏழு ராத்திரியை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றே முக்கால் ராத்திரி. தம்பி இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிச் சிரித்தான், அதோடு எங்கள் சிரிப்பு முடிந்தது.

உறுப்பினர் பெயர் ஒன்றுதான் இருக்க முடியும் என்றது கம்பெனி. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ், மற்ற மூன்று பேரும் ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து, மேலே பெயர் மாற்றக் கட்டணம். 2011-ஆம் வருட வாரம் இந்தக் காகித வேலையிலேயே கரைந்தது. மூத்தவன் என்பதால் அண்ணன் பெயருக்கு மாற்றினோம். அன்றைக்கு யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் பெயர் யாருடையதோ அவர் போனுக்குத்தான் ஓடிபி போகும். ஓடிபி யாருக்கு வருகிறதோ அவர்தான் வீட்டுக்காரர், மற்றவர்கள் குடித்தனக்காரர்கள். இந்த ஒரு வரி அன்றைக்குத் தெரிந்திருந்தால் அம்மா பெயருக்கு மாற்றியிருப்போம்.

2012-இல் அண்ணன் பதிவு செய்வான் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று அண்ணன் இருந்தான். வாரம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. 2013-இல் தம்பி, "நான் போகவே இல்லையே, நான் ஏன் பராமரிப்புக் கட்டணம் தரணும்?" என்று கேட்டுவிட்டுத் தரவில்லை. வருடா வருடம் கட்டவேண்டிய அந்தக் கட்டணம் பாக்கி இருந்தால் பதிவு செய்ய முடியாது. அண்ணனும் வீம்புக்குத் தன் கையிலிருந்து போடவில்லை. இரண்டு வாரமும், பதினாலு ராத்திரி, காலாவதியாகிப் போனது. 2014 மே மாதம் பாக்கி எல்லாம் கட்டி அண்ணன் பதிவு செய்தான், யாருக்கு என்றால் மதினியின் அக்கா குடும்பத்துக்கு. எங்களுக்கு அது தெரிந்தது ஃபேஸ்புக்கில், ஏரிக்கரையில் குதிரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு படத்தில். அந்தத் தீபாவளிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

தீர்த்து வைத்தது அம்மா. அதுவும் ஊரில் கிணற்று மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரைக் காட்டி.

எங்கள் பங்குக் கிணற்றில் ஐந்து பங்காளிகள். ஐந்து நாளைக்கு ஒரு நாள் ஒருவருக்கு முறை. தண்ணீரைக் குடம் குடமாகப் பிரிக்க முடியுமா, நாளைத்தான் பிரிக்க முடியும். மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் யார் முறை என்று கோடு போட்டிருப்பார்கள், எழுதத் தெரியாதவரும் படிக்கலாம். அம்மா சொன்ன விதிகள் எங்களுக்கு அதுவரை தெரியாது, அப்பா காலத்தில் நாங்கள் வயல் பக்கம் போனதே பொங்கலுக்குத்தான். உன் முறை நாளில் மும்முனைக் கரண்ட் வரவில்லை என்றால் அது உன் நஷ்டம், அடுத்தவன் நாளைக் கேட்கக் கூடாது. மோட்டார் காயில் எரிந்துபோனால் யார் ஓட்டும்போது எரிந்தது என்று கேட்காமல் ஐந்து பேரும் சமமாகப் போடணும். உனக்கு இந்த முறை தண்ணீர் வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு விட்டுக் கொடுக்கலாம், ஆனால் மற்ற மூன்று பேருக்கும் தெரிந்து கொடுக்கணும். "ஏழு ராத்திரியைப் போய் ஏண்டா வெட்டுறீங்க, வருசத்த வெட்டுங்க" என்றார்.

அப்படித்தான் 2015-இல் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். வருடம் ஒருவருக்கு முழுசாக: தம்பி, நான், அண்ணன், மறுபடி தம்பி. அம்மாவுக்குத் தனி முறை இல்லை, எந்த வருடமும் யாரோடும் போகலாம், கட்டணம் கிடையாது. போனாலும் போகாவிட்டாலும் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு, மார்ச் 31-க்குள். முறைக்காரர் வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் கூடப்பிறந்தவர்களைக் கேட்கணும். ஓடிபி கேட்டால் அண்ணன் பத்து நிமிடத்துக்குள் அனுப்பணும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதும்போது மதினி எழுந்து காபி போடப் போய்விட்டார்.

விதி இருந்ததால் சண்டை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2020 அண்ணன் முறை. மே மாதத்துக்குப் பதிவு செய்திருந்தான், மார்ச்சில் ஊரடங்கு. அடுத்த வருடத்தைத் தனக்குத் தரணும் என்றான். தம்பி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "கரண்ட் போச்சுண்ணே." எனக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை, அடுத்தடுத்து எல்லோர் முறையும் ஒரு வருடம் தள்ளிப்போகுமே என்ற கணக்கு எனக்கும் இருந்தது.

2018-ஐயும் சொல்லணும். குறிஞ்சி பூக்கிற வருடம், பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. 2006-இல் அப்பாவும் அம்மாவும் பார்த்திருக்கிறார்கள். 2018 தம்பி முறை, அவன் பெங்களூரில் இருக்கிறான், பிள்ளைகள் பள்ளிக்காக மே மாதம்தான் வேண்டும் அவனுக்கு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, "இந்த வருசம் பூக்கும்ல" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாராம். அவன் மே மாதத்தை விட்டுவிட்டு செப்டம்பரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனான். சரிவில் இறங்கி ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா, "போன தடவ இத விட நீலமா இருந்துச்சு" என்றாராம். இதை அவனே பத்துத் தடவை சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் சிரிப்பான்.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: முதல் வருடப் பராமரிப்புக் கட்டணம் 3,500 ரூபாய். கடைசி வருடம் 17,800, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 21,004. ஏழால் வகுத்தால் ராத்திரிக்கு 3,000. கூட்டமில்லாத நாளில் அதே மலையில் அந்தக் காசுக்கு நல்ல அறையே கிடைக்கும், 2001-இல் 1,45,000 முன்பணம் போடாமல். மே மாதம் போனால் மட்டும்தான் லாபம். அந்த மே மாதத்துக்கும் இப்போது சும்மா கிளம்பிவிட முடியாது, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகணும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு. யாராவது இப்போது வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அப்பாவோ மாமாவோ வாங்கியது, கூடப்பிறந்தவர்கள் மூன்று நாலு பேர் என்றால் வருடத்தைப் பிரியுங்கள், கட்டணத்தைச் சமமாகப் போடுங்கள், பெயரைப் பொதுவான ஒருவர் மேல் வையுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

2025 கடைசி வருடம், என் முறை. காலாண்டு விடுமுறையில் போனோம், அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் பக்கத்து விடுதியில் காசு கொடுத்து அறை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை யாரையும் ஒளித்து ஏற்றவில்லை. அறையில் முன்பிருந்த அடுப்பை எடுத்துவிட்டிருந்தார்கள், அம்மா கொண்டுவந்த மாவைத் தம்பி தங்கிய விடுதிச் சமையல்காரரிடம் கெஞ்சிச் சுட்டு வாங்கினோம். கிளம்புகிற அன்று காலை வரவேற்பறையில் டை கட்டிய ஒரு பையன், அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தால் எவ்வளவு தள்ளுபடி என்று பொறுமையாகச் சொன்னான். அம்மா முழுக்கக் கேட்டார். "சர்வே நம்பர் என்ன தம்பி?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், அங்கே நின்றால் சிரித்திருப்பேன்.

கடைசி வருடக் கட்டணத்தில் அண்ணன் பங்கு வந்துவிட்டது. தம்பியுடைய 7,000 இன்னும் வரவில்லை. நோட்டில் மார்ச் 31 என்று உன் கையெழுத்தில்தான் இருக்குடா.