ஈரத்தரையில் தடம் பார்க்கும்போது

காட்டுப்பாதை ஓடையில் இறங்கும் இடம் கிடைத்துவிட்டால் தடம் பார்க்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரி. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தடத்தின் விளிம்பில் நிழல் விழும். உச்சிவெயிலில் அதே தடம் தரையோடு தரையாகிவிடும்.

நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பெரும்பாலும் பூனை இனம். நகமும் பதிந்திருந்தால் செந்நாயோ நரியோ. ஐந்து விரலுக்கு நடுவே சவ்வின் மங்கலான கோடு தெரிந்தால் நீர்நாய். கரடிக்கும் ஐந்து விரல்தான். முன்காலின் நீண்ட நகங்கள் விரலைவிட்டு வெகுதூரம் முன்னால் குத்தியிருக்கும்.

அளவெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இளகிய சேற்றில் விரல் விரியும், விளிம்பு சரியும். சிறுத்தையின் தடமே இளம்புலியின் தடம்போலத் தோன்றும். கெட்டித்தரைமேல் மெல்லப் படிந்த புழுதியில் விழுந்த தடத்தைத்தான் அளக்க வேண்டும். தடத்தின்மேல் கண்ணாடித் தகடு வைத்து வரைந்த படங்களைக் கொண்டே புலிகளைத் தனித்தனியாக எண்ணிய பழைய முறை நம்பகம் இழக்க இதுவும் ஒரு காரணம். இப்படித் தடம் வைத்து எண்ணிவந்த ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே மிஞ்சவில்லை என்பது 2005ல் வெட்டவெளிச்சமானது. 2006 கணக்கெடுப்பிலிருந்து தானியங்கி கேமரா முக்கிய இடம் பிடித்தது. தடம் இனத்தைச் சொல்லும். இன்ன புலி என்பதை உடலின் வரிகள்தான் சொல்லும். வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும் வேறுவேறு என்பதால் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் கேமரா கட்டுகிறோம். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் ஒன்றின் ஒளி மற்றதைக் கெடுக்கும். சற்று விலக்கிக் கட்டுவது நல்லது. முன்னால் இருக்கும் புல்லைச் செதுக்காமல் விட்டால், சூடேறிய இலை ஆடும்போதெல்லாம் வெற்றுப்படம் விழுந்து மெமரி கார்டு நிரம்பிவிடும்.

நீர்நாய்க்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். ஓடைகள் கூடுமிடத்துப் பாறைகளையும் மணல்திட்டுகளையும் பார்த்தாலே போதும். புது எச்சம் கருத்து வழவழப்பாக, மீன்வாடையோடு இருக்கும்; காய்ந்தால் வெளுத்து உதிரும். உடைத்துப் பார்க்க வேண்டும். செதிலும் முள்ளுமாக இருந்தால் பெரிய ஆற்று நீர்நாயாக இருக்கலாம். நண்டோட்டுத் துண்டுகளே நிறைந்திருந்தால், மலையோடைகளில் வாழும் சிறிய நீர்நாயாக இருக்க வாய்ப்பு அதிகம். மணல் அள்ளிய கரைகளில் இவை படுத்துப் புரளும் திட்டே இல்லாமல் போவதுதான் வேதனை.

எச்சம் இல்லை என்பதால் நீர்நாயும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஒரு வெள்ளம் போதும், அத்தனையையும் கழுவிக்கொண்டு போக. நீர் வடிந்ததும் அதே பாறைகளுக்கு மறுபடி போங்கள். பழைய கழிப்பிடத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நீர்நாய்களின் வழக்கம்.