அன்க்-17 புழுவும் ஆல்டிகார்ப் சோதனையும்

சி. எலிகன்ஸ் என்ற குட்டி ஆய்வகப் புழுவில் அன்க்-17 மரபணுவை எடுத்து வேலை செய்கிறவர்கள் பலரும் ஆல்டிகார்ப் சோதனையில் திணறுவார்கள். நான் இரண்டு மாதம் திணறினேன்.

நரம்பு நுனியில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெசிக்கிள் என்ற குட்டிப் பைகளுக்குள் ஏற்றும் புரதத்துக்கான மரபணு இது. அசிடைல்கோலினைத் தயாரிக்கும் நொதிக்கான மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள்ளேயே (புரதமாக மாறாமல் வெட்டி நீக்கப்படும் பகுதி) இது உட்கார்ந்திருக்கிறது. தயாரிப்பதும் ஏற்றுவதும் ஒரே வீட்டில்! மனிதரிலும் இதே அமைப்புதான். வரைபடத்தில் முதன்முதலில் கண்டபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆல்டிகார்ப் ஒரு பூச்சிக்கொல்லி. அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுத்துவிடும். தசை சுருங்கியபடியே புழு விறைத்துப்போகும். அன்க்-17 பழுதான புழுவில் அசிடைல்கோலின் வெளிவருவதே குறைவு என்பதால் அது தாக்குப்பிடிக்கும். மனிதருக்கும் கொடிய விஷம் இது, கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

ஒரு மில்லிமோலார் அடர்த்தியில் ஆல்டிகார்ப் கலந்த பிளேட்டில் 25 புழு, அரைமணிக்கு ஒருமுறை பிளாட்டினம் கம்பியால் தொட்டுப் பார்த்து எண்ண வேண்டும். முதல் இரண்டு தடவையும் இ245 என்ற அன்க்-17 பிறழ்வுள்ள புழுக்கள் சாதாரணப் புழுக்களைப் போலவே சீக்கிரம் விறைத்ததாக என் கணக்கு சொன்னது. மரபணுவையே சந்தேகப்பட்டேன்.

லேபில் சீனியர் அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "சுருண்டு கிடக்குறதை எல்லாம் விறைச்சதுன்னு எழுதியிருக்கியே. மூக்கைப் பாரு" என்றார். பார்த்தேன். உடல் சுருள்போலக் கிடக்க, தலைநுனி மட்டும் மெதுவாக இடமும் வலமும் அசைந்தது. இந்தப் புழு மருந்தே இல்லாத பிளேட்டிலும் தலையில் தொட்டால் பின்னால் போக முடியாமல் சுருண்டுகொள்ளும்! அதைத் தனியாகப் பார்த்துப் பழகாமல் நான் நேரே மருந்துக்குப் போயிருந்தேன்.

அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மூன்று முறை தொட்டும் தலைகூட அசையாவிட்டால்தான் விறைத்ததாகக் கணக்கு. எது எந்தப் புழு என்று எனக்குத் தெரியாதபடி அக்காவே பிளேட்டுகளுக்கு டேப் ஒட்டி எண் போட்டார். மூன்றாவது தடவை, டேப்பை உரித்தபோது வரைபடத்தில் இரண்டு வகைப் புழுக்களின் கோடுகளும் தெளிவாகப் பிரிந்திருந்தன. சாதாரணப் புழுக்கள் எல்லாம் விறைத்த பிறகும் இ245 மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

வெசிக்கிளை நரம்புச் சவ்வோடு இணைக்க உதவும் சினாப்டோபிரெவின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் இதே இ245 புழுவின் நடை தேறிவிடும் என்று 2006இல் காட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு பிறழ்வும் சேர்ந்த புழுவுக்காக இந்த வாரம்தான் கிராஸ் (கலப்பு) போட்டேன்.